வெறுங்கண்ணுக்கு ஒரு வானம்

செவ்வாயின் பாதாள நகரத்தில் காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே விழித்திருத்தியை முடுக்கிக்கொள்வார்கள். கண்ணுக்குள் பதித்த அந்தக் கடுகளவுக் கருவி பாசிக் கூழை வெண்பொங்கலாகக் காட்டும். சுவர் விரிசலை மறைக்கும். மங்கலாக இருப்பதைத் துலக்கிவிடும். குடிமக்கள் வெறுங்கண்ணால் எதையாவது பார்த்துத் தொலைத்து மனம் வாடிவிடக் கூடாதே என்று நகர நிர்வாகத்துக்கு அவ்வளவு அக்கறை.

நப்பின்னை மட்டும் மூன்று வருடங்களாக, வாரம் ஒருமுறை மேல்தளக் கண்ணாடிக் கூண்டுக்கு ஏறிப்போய், காதுக்குப் பின்னால் அழுத்திக் கருவியை அணைத்துவிட்டு, இரவு வானத்தை வரைந்தாள். விண்மீன்களை அவள் புள்ளிகளாக வைக்கவில்லை. புழுதிக்குள் அவை நடுங்குவதையும் கரைவதையும் கனத்த தீற்றல்களாக அப்பினாள். கிட்டே போனால் வெறும் சாயம். எட்ட நின்றால் வானம் மூச்சுவிடும்.

"கருவிய அணைச்சிட்டுப் பாருங்க" என்று கணவன் பரிதியிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வாள்.

"அணைச்சிட்டேம்மா. உசுரோட இருக்கு" என்பான் அவன். அந்த வார்த்தையை நம்பித்தான் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்தாள்.

கண்காட்சியில் நல்ல கூட்டம். பரிதி ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு கூர்மையா இருக்கு பாருங்க. தூரிகை பட்ட தடமே தெரியல."

நப்பின்னையின் காதில் அது விழுந்தது. அவனைத் தூணோரம் இழுத்துப் போனாள்.

"நீங்க அணைக்கவே இல்லல்ல?"

பரிதி தலையைக் குனிந்துகொண்டான். "மொத தடவ அணைச்சேன். ஒரே கலங்கலா இருந்துச்சு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"ஊரே பாக்காட்டிப் போகுது, நீங்க பாத்தீங்கன்னு நெனச்சேனே." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கட்டியவனே கழுத்தறுத்துவிட்டான்.

பரிதி மெல்லக் கேட்டான். "கல்யாணமாகி ஒம்பது வருஷம். வானத்துக்காக வாராவாரம் அணைச்ச. என் மூஞ்சிக்காக ஒருநாளாவது அணைச்சிருக்கியா?"

மணமக்கள் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் எப்படித் தெரிய வேண்டும் என்று நிச்சயதார்த்தத்தன்றே இரு வீட்டாரும் உட்கார்ந்து முடிவுசெய்வது அந்த ஊர் வழக்கம். பரிதியின் மூக்கைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய அத்தை.

நப்பின்னை காதுக்குப் பின்னால் அழுத்தினாள். எதிரே, முன்வழுக்கையும் கன்னத்தில் தீக்காயத் தழும்புமாக, யாரோ ஒருவர் கண்கலங்கி நின்றிருந்தார்.

அவள் விரல் அவசரமாக இன்னொரு முறை அழுத்தியது. பழைய முகம் திரும்பி வந்தது.

"அணைச்சிட்டேங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கீங்க."