கடைசியாக ஏறுபவர்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே கிளம்பிவிட்டோம். அவசரமில்லாத பயணம். கோட்டையும் மணிக்கூண்டும் பார்க்க ஒரு பழைய நகரத்தில் இரண்டு நாள், சும்மா நடக்க ஒரு கடலோர ஊரில் இரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தோம்.

பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. காலரில் கைக்குட்டை செருகியிருப்பார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இல்லாத கூட்டத்தை ஏற்றுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை மறைக்காதீங்க." பிறகு கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம் டிரைவரம்மா" என்றபடி என் பக்கத்தில் வந்து உட்காருவார். கண்டக்டர் கடைசியாகத்தான் ஏற வேண்டுமாம். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும்.

எங்கேயும் ஏறுவதற்கு ஆள் இருந்ததில்லை. அங்கே இருந்தார்கள்.

பாறைக்கு மேலே வளைந்து போகும் கடற்கரைச் சாலை. ஓரத்தில் பஸ் வராமல் போன ஒரு கல் நிழற்குடை. பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. பழம் நறுக்கிச் சாப்பிடலாம் என்று நிறுத்தினோம். நீளமான பெஞ்சில் வரிசையாக நாலு ஈரத் திட்டுகள் இருந்தன, நனைந்த துணியோடு நாலு பேர் உட்கார்ந்து எழுந்ததுபோல. கடலோ எங்கேயோ கீழே கிடந்தது. உட்கார மனம் வராமல் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பாவம், எவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ என்று அவர் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க."

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

கல்லிலிருந்து டயர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கிளப்பினேன். பின் சீட்டில் பெல்ட் போடச் சொல்லும் மணி அடிக்கத் தொடங்கியது. நனைந்த கம்பளி நாற்றம் வந்தது. அவர் பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, வழக்கம்போல விரலை நீட்டித் தலையை எண்ணினார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிய விரல் அப்படியே நின்றது.

"மூணு," என்றார் மூச்சுக்குள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

"வண்டியைத் திருப்பு. ஏத்தினது நான், நான்தான் இறக்கி விடணும்."

நிழற்குடைக்கே திரும்பினோம். அவர் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். குரல் பழைய வேலைக் குரலாக வந்தது.

"கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க."

வண்டி உயர்ந்தது. மணி நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், நல்லவேளை என்று பறந்தேன்.

இரண்டு மைல் போன பிறகுதான் உறைத்தது. கூரையில் தட்டு விழவில்லை.

"ஏங்க, ரைட் சொல்லலையே?"

என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் காலரில் கைக்குட்டை இல்லை. உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து என் செருப்பு வரைக்கும் தண்ணீர் வழிந்து வந்தது.

எல்லாரும் என்றாரே. அந்த எல்லாரில் அவரும் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விடுதி அறையில் அது மூன்று நாள் இருந்தது. சாப்பிடவில்லை, பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தது. நான் அழுதால் மட்டும் திரும்பிப் புன்னகைத்தது. இன்று காலை அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வந்த வழியே ஓட்டிக்கொண்டு வந்தேன். அவர் இல்லாமல் வீடு திரும்ப என்னால் முடியாது.

பெஞ்சில் அதே நாலு ஈரத் திட்டுகள். கடைசித் திட்டின் மேல் அவர் கைக்குட்டை கிடந்தது. எடுத்தேன். பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது.

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"உள்ள போங்க," என்றேன். "ஏங்க, நீங்களும் வந்துடுங்க."

வண்டி தாழ்ந்தது. பயத்தில் கதவை விட்டுவிடப் பார்த்தேன், விடவில்லை. இரண்டாவது முறை தாழ்ந்தது. மூன்றாவது முறை, நாலாவது முறை. நனைந்த கம்பளி நாற்றம் மூக்கில் ஏறியது. யாரும் கண்ணில் படவில்லை, என் முழங்கையை மட்டும் ஈரமாக உரசிக்கொண்டு போனார்கள். கண்டக்டர் கடைசியாகத்தானே ஏறுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது முறை தாழ்ந்தபோது அவர்தான் என்று வாய்விட்டு அழுதேன். கூரையைப் பார்த்தபடி அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன்.

தட்டு விழவில்லை.

வண்டி ஆறாவது முறை தாழ்ந்தது.