வள்ளியாத்தாளின் கைநாட்டு

“வள்ளியாத்தா பத்திரத்தை எடுங்க பெரியப்பா. நான் பாக்கோணும்.”

அந்தப் பேரை எடுக்கவே கூடாது என்று சிறு வயதிலிருந்து மிரட்டி வைத்திருந்த வீட்டில், பட்டப்பகலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வசந்தாமணி கேட்டாள். பெரியப்பா வெள்ளியங்கிரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

“பி.ஏ. படிச்சா செத்தவங்களையும் பரிச்ச பண்ணச் சொல்லிக் குடுக்கறாங்களா புள்ளே?”

“ஆமாங்க. எங்கம்மா பூமி உங்க பேருக்கு எப்படி வந்துச்சுன்னு கோர்ட்டுல கேக்கறதுக்கு முன்னால உங்ககிட்டக் கேக்கறேன்.”

சாவி அவள் காலடியில் வந்து விழுந்தது.

ஜன்னல் இல்லாத உள்ளறையில் தகரப் பெட்டியைத் திறந்ததும், பழைய காகித வாசனைக்குப் பதிலாக, இப்போதுதான் சுவருக்கு அடித்ததுபோல ஈரச் சுண்ணாம்பு நெடியும் அதற்கு அடியில் லேசாக இனிக்கும் இன்னொன்றும் கிளம்பி அவள் தொண்டையில் ஒட்டின. தோட்டத்துக் கிணற்றில் மாடுகள் இழுக்க, கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கவலை ஏற்றம் சட்டென்று நின்றது.

வள்ளியாத்தாள் அவளுடைய தாத்தா, அப்பாருவின் அக்கா. பிள்ளையில்லாத விதவை. தோட்டத்தைத் தம்பிகளுக்கு மனசாரக் கொடுத்தவள் என்பார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளையின் இறப்புப் பதிவேட்டில் வசந்தாமணி காலையில்தான் அவள் சாவைப் பார்த்திருந்தாள்: 1894, பேதி. பத்திரத்தில் இருந்த வருஷம் 1896. கீழே இடது பெருவிரல் ரேகை. அதன் குறுக்கே சாய்வாக ஓர் அரிவாள் வெட்டுத் தழும்பு.

அடுத்தது 1912. பெரியப்பாவின் அத்தை முத்தாயம்மாள் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அதே தழும்பு.

கடைசி, போன வருஷத்தது. அம்மா சாவதற்குப் பத்து நாள் முன்பு. அதே தழும்பு.

அம்மா கைநாட்டு வைக்க மாட்டாள். சிலேட்டில் கை பிடித்து எழுதப் பழக்கியவளே வசந்தாமணிதான்.

காகிதங்களுக்கு அடியில் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. திறந்தாள்.

ஒரு பெருவிரல். சுண்ணாம்பில் வெளுத்தது. சாய்வான தழும்பு. நுனியில் மை.

மை காயவில்லை.

டப்பியின் அடியில் நறுக்கிய நகத் துண்டுகள். பழுப்பேறியவை நிறைய. மேலாக, வெள்ளையாக, புதிதாக இரண்டு.

“மாசம் ஒருக்கா வெட்டோணும்,” என்றார் பின்னாலிருந்து பெரியப்பா. “இல்லீன்னா காயிதத்தைக் கிழிச்சுப் போடுது. உன்ர பங்குக்கும் எழுதியாச்சு. நீ கையெழுத்துப் போடாட்டிப் போ.”

“அதுக்குத்தான் இந்த மையா?”

“வெச்சுட்டுப் போ புள்ளே. நம்ம ஊட்டுது அது.”

“நம்ம ஊட்டுது இல்லீங்க. அவளுது.”

பத்திரங்களை இடுக்கிக்கொண்டாள். விரலை எடுத்து வலது கைக்குள் மூடினாள். பெரியப்பா தடுக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

நாமக்கல் எட்டு மைல். போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் கோர்ட்.

வெயில். வெறும் சாலை. அவள் நிழல் ஒன்றுதான்.

கைக்குள் விரல் புரண்டது. உள்ளங்கையில் அழுந்தியது. ஒருமுறை. இன்னொரு முறை.

அவள் நிற்கவில்லை.

புறங்கையின் மேல், ஒவ்வொன்றாக, இன்னும் நான்கு விரல்கள் வந்து இறுகின.

நடந்தாள்.