குளிரில் நின்ற இரண்டு கார்கள்

காலை பதினொரு மணி. முதியவர் ஊலாவின் உடலை ஆம்புலன்ஸ் ஏற்றிச் சென்றுவிட்டது. தன் வீட்டு வாசலிலேயே, வெறும் காலுறையோடு, உறைந்து இறந்திருந்தார். கதவு பூட்டியிருந்தது. சாவியைக் காணோம். இரவுப் பனி எல்லாத் தடங்களையும் மூடிவிட்டது.

காவல் அதிகாரி போர்கிலுக்கு விளங்காதது ஒன்றுதான்: இறந்தவரின் மகள் துரிட் சமையலறையில் அழுதபடி சொன்ன புகார்.

“அப்பா முகத்தக்கூடப் பாக்க விடல, பாழாப்போன காரு! எங்க மலைக்குடில்லேருந்து இறங்கி, கடை வாசல்ல ரெண்டு பேரும் காருக்கு சார்ஜ் போட்டோம். அப்பதான் அப்பாவோட பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி விஷயத்தச் சொன்னாரு. கடையில வாங்கின சூடான வாஃபிள் ரொட்டி ஆறுறதுக்குள்ள அண்ணன் காருக்கு சார்ஜ் ஏறிடுச்சு. என்னுது ஆமை. ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ன்னேன். ‘உன் வண்டியில வா’ன்னுட்டுப் போயிட்டான்.”

“சார்ஜர் கோளாறா இருக்குமோ?” என்று கேட்டாள் போர்கில்.

“அவன் போனதும் அவன் சார்ஜர்லயே மாட்டினேன். அதே ஆமைதான்.”

“எல்லாம் கைராசி,” என்றான் அண்ணன் ஐனார்.

“உங்க காரு ராத்திரி எங்க நின்னுது?”

“குடில் வாசல்ல. முந்தாநாள் வந்ததுலேருந்து தொடவே இல்ல. பாதிக்கு மேல சார்ஜ் இருந்துச்சு, எல்லாத்தையும் குளிர் தின்னுடுச்சு. இங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“துரிட், உங்களுது?”

“நேத்து சாயங்காலம் ஒஸ்லோலேருந்து வந்தப்பவே காலி. வந்து படுத்தவ காலையிலதான் முழிச்சேன்.”

“பேட்டரியச் சூடாக்குற வசதி?”

“ரெண்டுலயும் கிடையாது. ஒரே மாதிரி காரு. அப்பா ஒரே நாள்ல வாங்கிக் குடுத்தாரு.”

“குடில் மட்டும் ஒண்ணுதான்,” ஐனார் முணுமுணுத்தான். “அத அப்பா இவளுக்குத்தான் எழுதி வெப்பாராம்.”

“எனக்கு வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேனேடா!”

ஐனார் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். அது அவனுக்குத் தெரியாது.

போர்கில் சன்னல் வழியே இரண்டு கார்களையும் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

“தப்பான காரப் பத்தி யோசிச்சுட்டிருந்தேன். துரிட் காருல கோளாறே இல்ல. உறைஞ்ச பேட்டரியில வேகமா மின்சாரத்தத் திணிச்சா அது கெட்டுடும். அதனால காரே தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடும். ராத்திரி முழுக்கக் குளிர்ல நின்ன காரு அப்படித்தான் ஏறும். ஐனார், உங்க காரும் அப்படித்தான் ஏறியிருக்கணும்.”

“குளிர்தான்...”

“குளிர் தின்னும். ஆனா ஓடுற காருலதான் நெறையத் தின்னும். சும்மா நிக்கிற காருலேருந்து ஒரே ராத்திரியில பாதி சார்ஜ் போகாது. உங்க பேட்டரி காலியாவும் இருந்துச்சு, சூடாவும் இருந்துச்சு. ரெண்டுக்கும் சேத்து ஒரே காரணம்தான், நெடுந்தூரம் ஓடியிருக்கு. குடில்லேருந்து கடைக்கு ரெண்டு வளைவு, அதுல சூடேறாது. ராத்திரி மலையத் தாண்டி இங்க வந்தீங்க. குடிலுக்காகச் சண்டை போட்டீங்க. அப்பாவ வெளிய விட்டுப் பூட்டிட்டு, சாவியோட பனியில கார மெதுவா ஓட்டி, விடியறப்பதான் குடிலுக்குத் திரும்பினீங்க. அவ்வளவு கனமான பேட்டரி சார்ஜருக்குப் போறதுக்குள்ள ஆறல.”