முத்திரை விழாத கடிதம்

தபால்தலையின் மேல் முத்திரை இல்லை. பொன்னம்மாவுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் குளுவாங் ஊரிலிருந்து அண்ணன் போடும் ஒவ்வொரு கடிதத்திலும் தபால்தலையைக் கறுப்பாக அப்பியிருக்கும் அந்த வட்டத்தைத் தெரியும். வாசற்கதவின் அடியில் கிடந்த இந்த உறையில் அது இல்லை. அப்படியானால் இது, மகளுக்கு வழக்கமாக வருவதுபோல, மூவார் ஊரிலிருந்து தபாலில் வரவில்லை. யாரோ இந்தக் காஜா பேராங் தெருவுக்கே நடந்து வந்து போட்டிருக்கிறார்கள்.

மூன்று மாதமாக வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. பத்திரிகையின் மாணவர் பகுதியில், பேனா நண்பர் தேடும் பிள்ளைகள் என்று மகள் கோகிலாவின் பெயரும் பதினொரு வயதும் வீட்டு விலாசமும் வந்த மறுவாரமே, சிகப்பி என்ற மூவார்ப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள். விளக்கேற்றியதும் கோகிலா பாயில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். பூனை குட்டி போட்ட கதை, மெர்டேக்கா சுதந்திர நாளுக்குப் பள்ளியில் கொடி தைக்கிற கதை. பொன்னம்மா பூரித்துப்போய்க் கேட்பாள்.

வானம் மழைக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. பின்கட்டில் கோகிலா தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமும், தகரக் கூரையில் முதல் தூறலும், ஈரப் பலகையின் வாடையும் எல்லா மாலையும் போலத்தான் இருந்தன. ஆனால் உறையை முகர்ந்தபோது, காலையில் தன் கையால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் வாடை அதில் அடித்தது. இந்த உறை அவள் அடுப்படிக்குள் இருந்திருக்கிறது. பயத்துக்கு மேல் கோபம் வந்தது.

"குளிச்சிட்டு உள்ளயே இரு!" என்று கத்திவிட்டு, மூன்று வீடு தள்ளியிருந்த, கோகிலாவின் பள்ளி வாத்தியார் சேதுராமனிடம் போனாள்.

"பேனா நண்பர் கடுதாசியா? நல்ல பழக்கம்தாம்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பேரு அனுப்புனாங்க."

"பேரை மட்டுமா அனுப்புனீங்க? வீட்டு நம்பரையும்ல போட்டீங்க! எங்கிட்ட கைநாட்டு வாங்குனப்ப, கண்டவனும் படிப்பான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாய்யா?"

"வர்ற கடுதாசிய வீட்டுல பாத்துக்குவீங்கன்னு..."

"படிக்கத் தெரியாதவள பாக்கச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க!"

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட, வாயைப் பிளந்துகொண்டு பூனைக் கதை கேட்ட தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

வாத்தியார் உறையைப் பிரித்தார். முதல் வரியிலேயே முகம் வெளுத்தது.

"சத்தமாப் படிங்க."

"பொன்னம்மா, இதை உனக்கு வாத்தியார் படித்துக் காட்டுகிறார். முத்திரை இல்லையென்றால் நீ அங்கேதான் போவாய். கோகிலா இப்போது பின்கதவைத் திறந்திருப்பாள். அப்படித் திறக்கச் சொல்லிப் போன கடிதத்திலேயே அவளுக்கு எழுதிவிட்டேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அதை வாசிக்காமல் அவள் உனக்குப் பூனைக் கதை சொன்னாள்."

பொன்னம்மா ஓடினாள். மழை கொட்டியது. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. வீட்டோரச் சந்தில் எட்டிப் பார்த்தாள்; பின்கதவு திறந்து கிடந்தது.

வாசற்கதவைத் தள்ளினாள்.

உள்ளே கோகிலாவின் குரல். தினமும் கடிதம் வாசிக்கும் அதே குரல், அதே இழுவை. "எங்கள் பூனை மூன்று குட்டி போட்டது..." போன உயிர் திரும்பியது.

கோகிலா பாயில் இருந்தாள். தலை ஈரம். கையில் கடிதம் இல்லை.

வாய் இறுக மூடியிருந்தது.

கண்கள் மட்டும் அம்மாவிடம் கெஞ்சின. குரல் நிற்கவில்லை. அறைக்குக் குறுக்கே கட்டியிருந்த சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரைக்கு அடியில் இரண்டு பெரிய பாதங்கள். சேறு.

"இப்போது அம்மா வந்துவிட்டாள்" என்று, கோகிலாவின் குரலில், அது வாசித்தது.