பாதத்துக்குக் கீழே பாதம்

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் தரை குளிர்ந்து கிடந்தால் திருமயத்தில் யாராக இருந்தாலும் அதில் படுத்துப் புரண்டிருப்பார்கள். மருதாயி மட்டும் வெடுக்கென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அடுப்படி நிலையை ஒட்டி, காவி பூசிய சிமெண்டுத் தரையில், ஒரு பாதம் அளவுக்குக் குளிர். பக்கத்தில் இன்னொரு பாதம் அளவுக்கு. அவற்றைச் சுற்றித் தரை கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டைப் பாறை காலையிலிருந்து குடித்த வெயிலை ஊருக்குள் துப்பிக்கொண்டிருக்க, கடலை எண்ணெய் நாற்றமும் மதுரை ரோட்டில் போகிற பஸ்ஸின் ஆரனும் கொல்லைவழியாக வந்து வீட்டுக்குள் அடைந்துகிடந்தன. அவள் கோலமாவை எடுத்து, குளிர் முடிகிற ஓரமாகக் கோடு இழுத்தாள். வரைந்து முடித்தபோது விரல்கள் வீட்டுக்குள் பார்த்தபடி இரண்டு பாதங்கள் இருந்தன. ஒரே வீச்சில் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டாள்.

மறுநாள் அந்த இடம் சுட்டது. குளிர் ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு எட்டு. நிலையைத் தாண்டி, கூடத்துக்குள், கட்டிலைப் பார்த்து.

கட்டிலில் அவள் புருஷன் கண்ணுசாமி உட்கார்ந்து அரிவாளால் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். அவரால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். வேட்டிக்குக் கீழே அவருடைய கால்கள் கணுக்காலோடு முடிந்திருந்தன.

அவரிடம் எந்த வாயால் சொல்வது? போன வருஷம் சொன்னதற்கே வடக்கே அல்மோரா ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கு முன்னால் பைத்தியக்காரி என்றார். தான் பார்த்தது நெசம்தான் என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றுதான் அவள் ஒன்பது மாதமாக அவர் மலத்தையும் சீழையும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

கயிலாயம் பார்க்க ஆசைப்பட்டவர் அவர்தான். கடலை மண்டியைப் பங்காளி கையில் கொடுத்துவிட்டு, திருச்சியிலிருந்து கிளம்பிய யாத்திரைக் கோஷ்டியில் இரண்டு பேருக்கும் பேர் கொடுத்தார். ரயில், பஸ், அப்புறம் மட்டக்குதிரை, நடை. திபெத்து எல்லையைத் தாண்டி, மலையின் வடக்கு முகத்தின் கீழே வந்து சேர்ந்தபோது, பன்னிரண்டு பேரை வழிகாட்டி ஐஸின் மேல் கூட்டிப்போனான். இரும்பு முள் கட்டிய பூட்ஸைக் கழற்றக் கூடாது, ஓர் இடத்தில் நிற்கக் கூடாது, காலடியைக் குனிந்து பார்க்கக் கூடாது என்று அவன் சொன்னதைக் கோஷ்டியின் சமையல்காரர் ராமு தமிழில் திருப்பிச் சொன்னார். முதல் இரண்டும் புரிந்தது. மூன்றாவது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நடக்க நடக்க மலை பக்கத்தில் வராமல் உயர்ந்துகொண்டே போனது. கண் கூசுகிற வெயில். ஆனால் அந்த வெயிலுக்குச் சூடே இல்லை, காற்றுக்கு வாசனையே இல்லை, எங்கோ ஆழத்தில் ஐஸ் முறிகிற சத்தம் மட்டும் ஏறி வந்து முழங்காலில் நின்றது. மருதாயியின் பூட்ஸ் கரக் கரக் என்று கடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு கரக்குக்கும் பிறகு, கீழேயிருந்து, ஒரு தப். வெறுங்கால் வைக்கிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

அப்போதுதான் கண்ணுசாமி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். சாமி காலடியில் தோல் செருப்போடு நிற்பதா என்று கேட்டார். மாரியம்மன் கோயில் பூக்குழியில் பதினோரு வருஷம் இறங்கியவர். தீயே தொடாத பாதத்தைப் பனி என்ன செய்துவிடும் என்று சிரித்தார். பூக்குழிக்கு முன்னால் செய்வதுபோலவே, மடியில் கொண்டுவந்திருந்த மஞ்சளைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்து இரண்டு பாதங்களிலும் ஊற்றினார். கைகூப்பி, கண்ணை மூடி நின்றார். மஞ்சள் தண்ணீர் பாதத்தைச் சுற்றி உறைந்தது. கண்ணைத் திறந்து காலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. முதலில் அதற்கும் சிரித்தார்.

ராமு டீக்குப் பற்றவைத்திருந்த அடுப்பு இருநூறு அடி பின்னால் இருந்தது. "பொறுங்கம்மா, வெந்நி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு ராமு ஓடினார்.

மருதாயி மண்டியிட்டுக் குனிந்தாள். நீல ஐஸுக்குள், அவர் உள்ளங்கால்களோடு உள்ளங்கால் ஒட்டி, இன்னொரு ஜோடிப் பாதங்கள் தலைகீழாக நின்றன. குதிகாலுக்குக் குதிகால். விரலுக்கு விரல். அவற்றில் தோல் இல்லை. அவை இழுத்தன. அவர் கால்தோல் கணுக்காலிலிருந்து கீழே வழுகியது. ஒரு விரற்கடை ஐஸுக்குள் இறங்கினார். கண்ணுசாமி அலறினார்.

அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தை மலைப்பக்கம் திருப்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கீழே பார்க்கவேயில்லை. அவனுடைய பனிக்கோடரி மட்டும் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

எடுத்தாள். "இனிமே பொறுக்கக் கூடாதுங்க" என்று கத்திக்கொண்டே பாதத்துக்கும் ஐஸுக்கும் நடுவில் இறக்கினாள். எலும்பில் பட்டது. மறுபடி இறக்கினாள். ரத்தம் அவள் வாயில் தெறித்து, அங்கேயே உறைந்தது. ஏழாவது வெட்டில் அவர் மல்லாக்க விழுந்தார்.

ராமு ஆவி பறக்கக் கெட்டிலோடு வந்தபோது ஐஸின் மேல் இரண்டு பாதத் தோலும் ஒரு பெருவிரலும் ஒட்டியிருந்தன. எல்லாரும் கண்ணுசாமியைத் தூக்க ஓடினார்கள். தபால் பெட்டிக்குள் கடுதாசி நழுவுகிற மாதிரி அவை உள்ளே போனதை மருதாயி மட்டும் பார்த்தாள். பிறகு, அவற்றை மாட்டிக்கொண்டு, அடியிலிருந்த பாதங்கள் நடந்தன. இடது. வலது. இவர்கள் திரும்பிப் போக வேண்டிய பக்கமாக.

மிச்சத்தை அல்மோரா டாக்டர் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணுசாமி அவளிடம் பேசியதெல்லாம் ஒன்றுதான்: "கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா எனக்குக் காலு இருந்திருக்கும்."

நாளுக்கு ஒரு எட்டாக வந்து, இன்று குளிர் கட்டில்காலை ஒட்டி நின்றது.

கொல்லையில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்த மருதாயி குளிர் நிற்கிற இடத்தைக் கவனிக்கவில்லை. அவர் கட்டிலிலிருந்து குனிந்து, தரையில் கிடந்த நுங்குக் குலையை எடுக்கக் கையை நீட்டுவதைப் பார்த்தாள். கையைக் கீழே வைத்துவிட்டால்? ஈரக்காலோடு ஓடினாள். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் தள்ளினாள்.

கட்டில் நகர்ந்தது. அவள் கால் நகரவில்லை.

"ஏங்க. காலு வரமாட்டேங்குது."

அவர் நடிக்காதே என்றார். நுங்கைச் சீவப் போனார். அப்புறம் அவள் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்தார். சித்திரை வெயிலில், மூச்சுக்கு மூச்சு, வெள்ளைப் புகை.

கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தார். காவித் தரை வெளுத்து, பிறகு தெளிந்து, கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. உள்ளே, அவள் உள்ளங்கால்களோடு ஒட்டி, இரண்டு பாதங்கள் தலைகீழாக நின்றன.

"மருதாயி. அந்தப் பெருவிரல்ல இருக்குற தழும்பு என்னோடதுடி." அவர் குரல் உடைந்தது. "நீ சொன்னது நெசம்."

ஒன்பது மாதம் காத்திருந்த வார்த்தை. அவளுக்கு அழுகை முட்டியது. அதே நேரம் கணுக்காலில் தோல் வழுகத் தொடங்கியது.

"அடுப்புல ஒலைத்தண்ணி கொதிக்குதுங்க. அங்கிட்டுப் போயி எடுத்துட்டு வாங்க. பொறுக்கலாம். கொஞ்சம் பொறுக்கலாமுங்க."

அடுப்படி முப்பது அடி. அவருக்குக் கால் இல்லை. அவள் ஒரு விரற்கடை இறங்கினாள்.

கண்ணுசாமி அரிவாளோடு கட்டிலிலிருந்து விழுந்தார். முட்டியாலும் முழங்கையாலும் ஊர்ந்து வந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"பொறுக்கக் கூடாதுன்னு நீதானடி சொன்ன."

வெட்டினார். கணுக்கால் சடக்கென்றது. இன்னொரு வெட்டு. வலது கால் விடுபட்டது. ரத்தம் சுவர்வரை அடித்தது. ஊன்ற கால் இல்லாமல் மருதாயி சாய்ந்தாள். கையை ஊன்றப் பார்த்தாள். கை ரத்தத்தில் வழுக்கியது.

வேர்வையில் நனைந்த கன்னம் தரையில் பட்டது.

ஒட்டிக்கொண்டது.

எடுக்க முடியவில்லை. வாய் திறக்க முடியவில்லை. ஒரு கண் தரையோடு அழுந்தி, கீழே பார்த்தது. ஆழத்திலிருந்து ஒன்று ஏறி வந்தது. நெற்றி. மூக்கு. இமையில்லாத கண். அது தன் தோலில்லாத கன்னத்தைத் திருப்பி, அவள் கன்னத்தோடு மெதுவாகப் பொருத்திக்கொண்டது. இழுத்தது.

மற்றக் கண்ணால் அவள் மேலே பார்த்தாள். கண்ணுசாமி அரிவாளை மறுபடி ஓங்கியிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் காலை அல்ல.