அது அழுக்கு இல்லை, எங்கள் ஊர்!

ஏரி நடுவே இருக்கும் சிகோரா தீவை ஒரு சுற்றுச் சுற்றிவரக் கால் மணி நேரம் போதும். ஆனால் அங்கே நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். தகரக் கூரைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். யாராவது காயப்போட்ட வலையை மிதிக்காமல் நடந்துவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர்.

எல்லாம் இருக்கும் அந்தத் தீவில் மருத்துவர்தான் இல்லை. போன மாதம் அவினோவின் தம்பி ஒடேரோவுக்கு மலேரியா வந்தது. அக்கரை மருத்துவமனைக்குப் போகும்வரை மீன்பிடிப் படகில் இரண்டு மணி நேரம் அம்மா மடியில் நடுங்கிக்கொண்டே கிடந்தான். படகு கரை சேரும்வரை பத்து வயது அவினோ அவன் கையை விடவே இல்லை.

இப்போது அரசாங்கம் ஒரு மருத்துவப் படகு வாங்கியிருந்தது. வாரம் ஒருமுறை மருத்துவரே மருந்தோடு அதில் வருவார். ஆனால் படகு ஒன்றுதான். எந்த ஊருக்கு என்று நாளைக்குக் கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள்.

அதற்கான கணக்கைச் சரிபார்க்கத்தான் சுகாதார அலுவலகத்திலிருந்து கிப்ரோனோ வந்திருந்தார். மலைநாட்டுக்காரர். படகை விட்டு இறங்கியும் அவருக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. கரையோரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

"இது என்ன சார், கலர் கலரா?" என்று கேட்டாள் அவினோ.

"காய்ச்சல் வரைபடம்மா. காய்ச்சல் கம்மின்னா மஞ்சள். ஏற ஏறச் சிவப்பு. எண்ணைக் குடுத்தா போதும், கம்ப்யூட்டரே கலர் பூசிடும்." அவர் குரலில் பெருமை வழிந்தது. "இதோ, அக்கரையில இருக்கற கமாரி எவ்வளவு பெரிசா சிவந்திருக்கு பார். அநேகமா படகு அங்கதான்."

"எங்க ஊர் எங்க சார்?"

"இருக்கும், இருக்கும். முதல்ல இந்த அழுக்கைத் துடைச்சுக்கறேன்." கைக்குட்டையால் திரையைத் தேய்த்தார். போகவில்லை. ஊதிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. நன்றாகத் தெரியட்டும் என்று படத்தைப் பெரிதாக்கினார்.

அழுக்கும் பெரிதாகியது.

"சார், துடைக்காதீங்க!" அவினோ கத்தினாள். "அது அழுக்கு இல்ல, எங்க ஊர்!"

கிப்ரோனோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "அட! ஆமா! இருக்கறதுலயே இதுதான் கடும் சிவப்பு!"

"அப்போ படகு எங்களுக்குத்தானே? போன மாசம் என் தம்பிக்குக்கூட மலேரியா சார்."

அவர் முகம் வாடியது. பையிலிருந்து சுருட்டிய பெரிய தாளை எடுத்து விரித்தார். அதே வரைபடம். சிகோரா அதில் கடுகளவுகூட இல்லை. "நாளைக்குச் சுவர்ல இதைத்தான் மாட்டுவேன். கூட்டத்துக்கு வர்ற பன்னிரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்து பார்ப்பாங்க. கமாரிதான் கண்ணுல படும். நான் வாயால சொல்லலாம். ஆனா கண்ணால பார்த்ததைத்தான் நம்புவாங்க. கலர் சரியாத்தானே இருக்கு, என்ன பண்றது?"

"கலர் சரி சார். பூச இடம்தான் இல்ல."

அவினோ தாளருகே குனிந்தாள். "கமாரில எத்தனை பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்?"

"நூத்தி இருபது."

"இங்க?"

"இருநூத்தி எண்பது."

பக்கத்தில் அம்மா ஒமேனாப் பொடிமீனைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவினோ இரண்டு கையாலும் அள்ளினாள்.

"அடியே! விக்கிற மீனை எடுத்து என்னடி விளையாட்டு?"

"விளையாட்டு இல்லம்மா, கணக்கு! பத்துப் பிள்ளைக்கு ஒரு மீன்."

தாளை மணலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். கமாரிக்குப் பன்னிரண்டு மீன். பெரிய ஊராயிற்றே, மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. பிறகு சிகோராவில் ஒவ்வொன்றாக வைத்தாள். முதல் மீனே தீவை மறைத்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தாள். இருபத்தெட்டு வைத்து முடிப்பதற்குள் குவியல் வரைபடத்து ஏரிக்குள் சரிந்தது.

எங்கிருந்தோ ஒரு கோழி ஓடிவந்து கமாரியில் இரண்டு மீனைக் கொத்திக்கொண்டு போனது.

"சார்! கமாரில இருபது பேருக்குக் குணமாயிடுச்சு!" என்று கூவினான் அவினோவின் வகுப்புத் தோழன் ஒக்வேனோ. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கிப்ரோனோ மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்தார். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதுக்கு வழி என் கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கே! நிலத்துக்குக் கலர் பூசறதுக்குப் பதிலா ஊருக்கு ஒரு வட்டம் போடலாம். எவ்வளவு காய்ச்சலோ அவ்வளவு பெரிய வட்டம். அதுக்குக் கலர் பூசிட்டா ஆச்சு!"

விரல்கள் விசைகளில் ஓடின. கமாரி சின்ன எலுமிச்சம்பழம் ஆனது. சிகோரா, அம்மாடியோ, பழுத்த தக்காளி மாதிரி ஏரி நடுவில் உப்பி நின்றது.

"இதை யாராவது துடைக்கட்டும் பார்ப்போம்!" என்றாள் அவினோ.

மறுநாள் சாயங்காலம் அம்மாவின் கைபேசி அடித்தது. கிப்ரோனோதான். அவினோவைக் கேட்டார்.

"படகு உங்க ஊருக்குத்தாம்மா! புதன்கிழமை காலையில வருது. தம்பியையும் கூட்டிட்டு வந்து காட்டு."

அவினோ ஒடேரோவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

"ஒரே ஒரு இடத்துலதான் மாட்டிக்கிட்டேன்," என்றார் கிப்ரோனோ. "ஒருத்தர் எழுந்து, 'வட்டத்தைப் போட்டுப் பாதி ஏரியை மறைச்சுட்டீங்களே'ன்னு கேட்டுட்டார். என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன்."

"இதுல என்ன சார் முழிக்கிறது? ஏரிக்கா காய்ச்சல் வருது?"

கைபேசிக்குள் கிப்ரோனோ சிரித்த சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டது.