விமான நிலைய விளையாட்டு

காலை மணி ஒன்பதானதும் ஹெப்சிபா டீச்சர் பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மேட்டு முகாம், அந்தப் பக்கம் அவர்கள் இடம் கேட்டுக் காத்திருக்கும் வடமுனைக் குடியிருப்பு. தென்கரையைக் கடல் தின்றபின் இங்கே வந்து சேர்ந்த முப்பது பேர், ஆளுக்கொரு ரேஷன் பையைப் பெட்டியாகத் தூக்கிக்கொண்டு, பந்திக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். கூரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கேட்பான் தொங்கியது. வகுப்பில் கூச்சல் அதிகமானால் காட்டிக்கொடுக்கும் சென்சார் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் கெட்டிக்காரி. இலக்கணம் என்று வாயைத் திறக்கவே மாட்டாள். சந்தை விளையாட்டு, டாக்டர் விளையாட்டு, படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேள்வி கேட்கும் விளையாட்டு. வலையைத் தவிர எதையும் தொடாத ஆட்கள்கூட மூன்றே மாதத்தில் இங்கிலீஷில் பேரம் பேசினார்கள். "தப்பாப் பேசுங்க, நல்லாச் சிரிங்க, விளையாட்டுத்தானே!" என்பாள். சொல்லும்போதே அவள் கண் ஒருமுறை கூரைக்குப் போய் வரும்.

அன்றைக்கு விமான நிலைய விளையாட்டு. அதிகாரி வேஷம் மிக்கேலுக்கு. பயணி வேஷம் அவன் மனைவி புஷ்பத்துக்கு. மிக்கேல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். பெண்டாட்டியைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"ஹூ கம் வித் யூ?"

புஷ்பம் யோசிக்கவே இல்லை. விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மை ஹஸ்பெண்ட். யூ!"

"மீ?" மிக்கேல் நெஞ்சில் கை வைத்தான். "ஐ டோண்ட் நோ திஸ் வுமன்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மூன்று மாதத்தில் அவன் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூரை மறந்தே போயிற்று. "சூப்பர் மிக்கேல்! இன்னொரு தடவை, சத்தமா!"

அவன் எழுந்து நின்று முழங்கினான். புஷ்பம் விடுவாளா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஐ ஆல்சோ டோண்ட் நோ ஹிம்!" என்றாள்.

கேட்பானில் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தது டீச்சர் ஒருத்திதான். அவசரமாக அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

பரீட்சை வைத்தால் எல்லாரும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகிறார்கள் என்று வடமுனைக்காரர்கள் பரீட்சையையே எடுத்துவிட்டிருந்தார்கள். பயமில்லாமல் விளையாடும்போது வாயில் வருவதுதான் நிஜமாம். அதுதான் நேர்காணல், அதுதான் வாக்குமூலம். எந்த நாள் விளக்கு எரிந்து பதிவாகும் என்பது டீச்சருக்கும் தெரியாது. வெளியே சொன்னால் வகுப்பில் ஒருவருக்கும் இடம் கிடையாது. வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள்.

மறுவாரம் பட்டியல் ஒட்டினார்கள். படகு என்ஜின் வேலை தெரிந்ததால் மிக்கேலுக்கு இடம் உண்டு, தனியாளாக. மனைவி என்ற முறையில் விண்ணப்பித்த புஷ்பத்துக்கு இல்லை. திருமணம் பொய், இருவர் வாக்குமூலமும் பதிவில் உள்ளது. மேல்முறையீடு கிடையாது. இடம் கிடைத்தவன் போக மறுத்தால் இருவருடைய முகாம் அட்டையும் ரத்து. அட்டை இல்லையென்றால் சோறு இல்லை, தண்ணீர் இல்லை.

இருவரும் நேரே வகுப்புக்கு வந்தார்கள். மிக்கேல் கையில் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கல்யாணச் சான்று. பதினெட்டு வருஷத்துக் காகிதம். கடல் புகுந்த அன்றைக்கு உடுத்திய துணியோடு இது ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"விளையாட்டுன்னுதானே டீச்சர் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள் ஹெப்சிபா. "என்னைய மன்னிக்கவே மன்னிக்காதீங்க."

மிக்கேல் திட்டவில்லை. சாக்பீஸ் கோட்டின் மேல் போய் நின்று, கூரையைப் பார்த்து நிதானமாகச் சொன்னான்.

"ஷீ இஸ் மை வைஃப்."

ஒரு பிழை இல்லை. "சரியாச் சொல்லிட்டேனா டீச்சர்?"

"சரியா இருக்குய்யா." அவள் அழுதாள். பட்டியல் வந்த அன்றே கேட்பானைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில் திருகாணி ஓட்டைகள் நான்குதான் இருந்தன.

அதைப் புஷ்பமும் பார்த்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லும்," என்றாள். "சத்தமா."